ஹீற்றர் காட்டும் பிழைக் குறியீடுகள்: யாழ்ப்பாணத்து வீடுகளில் கண்டவை

திருநெல்வேலி, வீட்டு மின்சாதனங்கள் திருத்துபவர்

மார்கழிப் பனி தொடங்கியதும் சுடுநீர் ஹீற்றர் திருத்துவதற்கான அழைப்புகள் கூடிவிடுகின்றன. முன்பெல்லாம் "தண்ணி சுடேல்லை" என்று மட்டும் சொல்வார்கள். திரை வைத்த ஹீற்றர்கள் பெருகிவிட்ட இந்த நாளில், "ஈ2 காட்டுது, என்ன சாமான் மாத்த வேணும்?" என்றே கேட்கிறார்கள். இந்தக் கேள்வியின் பின்பாதிதான் பல வீடுகளுக்கு வீண் செலவை வைத்திருக்கிறது. இயந்திரத்துக்குள் இருக்கும் உணரிகளில் எது, எந்த எல்லையில் மின்சாரத்தை நிறுத்தியது என்பதைக் குறியீடு சொல்லும். அந்த எல்லை ஏன் தாண்டப்பட்டது என்பதற்கான விடை கிணற்றுத் தண்ணீரிலோ, தாங்கியின் உயரத்திலோ, எர்த் கம்பியிலோ, லைனில் வரும் வோல்ற்றேச்சிலோ இருக்கலாம். ஆகவே நம் ஊர் வீடுகளில் எந்தக் குறியீட்டின் பின்னால் எந்தக் காரணம் இருந்தது என்பதை அவரவர் அனுபவத்திலிருந்து எழுதினால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும். எழுதும்போது ஹீற்றரின் வகை, குறியீடு, அது தோன்றிய நேரம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பவற்றைக் குறிப்பிட்டால் நல்லது. ஒரே எழுத்தும் எண்ணும் கொம்பனிக்குக் கொம்பனி வேறு பொருள் தரும். சில மின் ஹீற்றர்களில் ஈ1 என்றால் மின் கசிவு. சில வாயு ஹீற்றர்களில் அதே ஈ1 தீப்பற்றாமையைக் குறிக்கும். கைநூலைத் தொலைத்தவர்கள், ஹீற்றரின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருக்கும் மொடல் எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லூர்ப் பக்கத்து வீடு ஒன்றில் கண்டதை முதலில் எழுதுகிறேன். அது 30 லீற்றர் கொள்ளும் சேமிப்பு ஹீற்றர். சுடத் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் ஈ2 தோன்றி நின்றுவிடும். கைநூலில் அதற்கு மிகைவெப்பம் அல்லது நீரின்றிச் சுடுதல் என்று பொருள் போட்டிருந்தது. எனக்கு முன்பு வந்த ஒருவர் வெப்ப உணரியை மாற்றியிருந்தார். புதிய உணரியும் சில வாரங்களில் அதே குறியீட்டைத் தந்தது. சுடுநீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் சீராக வந்ததால், நீரின்மை என்ற பாதி பொருந்தவில்லை. மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்து, அடித்தட்டைக் கழற்றியபோது எலிமெண்ட் வெளியே வர மறுத்தது. மெல்ல ஆட்டி ஆட்டி இழுக்க, வெண்மஞ்சள் நிறப் பாளங்கள் உடைந்து வாளிக்குள் விழுந்தன. விரல் தடிப்புக்கூட இல்லாத அந்த எலிமெண்ட், கடலிலிருந்து எடுத்த முருகைக் கல் போலத் திரண்டிருந்தது. உணரி நுழைந்திருக்கும் மெல்லிய செம்புக் குழாயும் அந்தச் சுண்ணாம்புக்குள் புதைந்து கிடந்தது. எலிமெண்டின் வெப்பம் தண்ணீருக்குள் போக வழியில்லாமல் படிவத்துக்குள்ளேயே தேங்கியிருக்கிறது. அதோடு ஒட்டிக் கிடந்த உணரி அந்த வெப்பத்தைத் தண்ணீரின் வெப்பமாகக் கணித்து மின்சாரத்தை வெட்டியிருக்கிறது. தொட்டித் தண்ணீரோ வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. இந்த நிலையில் எத்தனை உணரி மாற்றினாலும் ஈ2 திரும்பத்தான் செய்யும்.

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கில்லை; மழைநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று, சூடேறும்போது கல்சியம் காபனேற்றாக மாறிப் படிகிறது. கேத்திலின் அடியில் நாம் காணும் வெள்ளைப் படை இதுவே. 60 பாகை செல்சியசுக்கு மேல் போகப் போகப் படிவு விரைவாகும். அதனால் நான் போகும் வீடுகளில் ஹீற்றரைக் கூடிய எல்லையில் நிரந்தரமாக வைக்காமல் 55 பாகையளவில் வைத்து, தொட்டித் தண்ணீரை இடைக்கிடை 60 பாகைக்கு மேல் சூடாக்கச் சொல்கிறேன். எப்போதும் குறைந்த சூட்டிலேயே கிடக்கும் தண்ணீரில் லெஜியொனெல்லா போன்ற நோய்க்கிருமி வளர இடமுண்டு என்பதால் அந்த இரண்டாவது பகுதியை யாரும் விட்டுவிடக் கூடாது.

கழற்றிய எலிமெண்டைச் சித்திரிக் அமிலக் கரைசலில் அல்லது வினாகிரியில் ஊறவைத்தால் நுரைத்துக்கொண்டு படிவு கரையும். சிலர் அவசரத்துக்குக் குளியலறை கழுவும் அசிட்டைத் தொட்டிக்குள் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது தொட்டியின் உள்பூச்சில் உள்ள சிறு வெடிப்புகளின் வழியே இரும்பை அரிக்கும். தொட்டியைத் துருவிலிருந்து காப்பதற்காக வைத்திருக்கும் மக்னீசியக் கோலையும் தின்றுவிடும். அந்தக் கோல் பற்றியும் ஒரு வார்த்தை: துருவுக்குத் தன்னைக் கொடுத்துத் தொட்டியைக் காப்பதுதான் அதன் வேலை. அது கம்பியளவுக்குத் தேய்ந்திருந்தால், குறியீடு எதுவும் வராவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.


மானிப்பாய், ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்

திருநெல்வேலி ஐயா எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். எங்கள் வீட்டு ஹீற்றரில் தோன்றியது ஈ3. கைநூலின்படி உணரிக் கோளாறு. இது மேலே சொன்ன மிகைவெப்பக் குறியீட்டிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. அங்கே உணரி ஓர் அளவைச் சொல்லி, அந்த அளவு மிகுதியாக இருந்தது. இங்கே உணரியிலிருந்து பொருளுள்ள அளவு எதுவும் மின்பலகைக்கு வந்து சேரவில்லை.

இவ்வகை ஹீற்றர்களில் உணரியாக இருப்பது பெரும்பாலும் வெப்பம் ஏற ஏறத் தடை குறையும் தேர்மிஸ்ரர். பரவலாகப் பயன்படும் வகையொன்று 25 பாகை செல்சியசில் 10 கிலோஓம் தடை காட்டும். 50 பாகையில் ஏறத்தாழ 3.6 கிலோஓமுக்கு இறங்கும். ஆகவே மல்ரிமீற்றர் வைத்திருக்கும் எவரும் இதைச் சோதிக்கலாம். ஆனால் சுவரில் உள்ள, லைனையும் நியூற்றலையும் ஒன்றாகத் துண்டிக்கும் இருமுனைச் சுவிற்சை நிறுத்தி, மின்னோட்டம் இல்லையென்று உறுதி செய்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஒற்றைமுனைச் சுவிற்சு மட்டும் உள்ள வீடுகளில் பிரதான சுவிற்சையே நிறுத்துங்கள், ஏனென்றால் பழைய வயரிங்கில் லைனும் நியூற்றலும் மாறிக் கிடப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

உணரியின் இரு முனைகளிலும் நேரடியாக அளந்தபோது 9 கிலோஓமுக்குச் சற்று மேலே வந்தது. அன்றைய காலநிலைக்கு அது சரியான அளவு. மின்பலகையில் செருகும் இடத்தில் அளந்தபோது மீற்றர் எல்லையற்ற தடையைக் காட்டியது. உணரிக்கும் பலகைக்கும் இடையில் உள்ள சிறிய வெள்ளைப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். செவ்வெறும்புகள் மண் கொண்டுவந்து அதற்குள் அடைத்திருந்தன. ஈரம் பட்டு ஒரு முனை பச்சை நிறமாக அரித்துப் போயிருந்தது. மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டி, முனையைச் சுரண்டித் துடைத்துச் செருகியதும் ஈ3 மறைந்தது. பிறகு வயர் நுழையும் துளையை றப்பர் வளையத்தால் அடைத்தேன். குளியலறையின் வெளிச்சுவரில் மாமரமோ வேலியோ முட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் எறும்பும் பல்லியும் ஹீற்றருக்குள் குடியேறுவது சாதாரணம். பலகையின் குறுக்கே பல்லி கருகிக் கிடந்ததையும் அயல்வீட்டில் பார்த்தேன். அங்கே பலகையை மாற்றத்தான் வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் எழுதிவைக்கிறேன். சில நேரங்களில் ஹீற்றர் சரியாகச் சுடாது, ஆனால் எந்தக் குறியீடும் தோன்றாது. மக்கள் உடனே எலிமெண்ட் பழுதென்று நினைக்கிறார்கள். எலிமெண்டின் வலு வோல்ற்றேச்சின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதை மாணவர்களுக்குப் பல காலம் கற்பித்தவன் நான். 230 வோல்ற்றில் 2000 வாற்று தரும் எலிமெண்ட், 180 வோல்ற்றில் ஏறத்தாழ 1225 வாற்றுத்தான் தரும். லைனின் கடைசியில் உள்ள வீடுகளில் மாலை நேரத்தில் இப்படி இறங்குவதுண்டு. அந்த நேரத்தில் தண்ணீர் சுட ஒன்றரை மடங்குக்கு மேல் நேரமெடுக்கும். எலிமெண்ட் நலமா என்று அறிய அதன் தடையை அளந்தால் போதும்: 2000 வாற்று எலிமெண்டுக்கு 26 ஓமுக்குச் சற்று மேலேயும், 1500 வாற்றுக்கு 35 ஓம் அளவிலும் வரவேண்டும்.


அல்வாய், இல்லத்தரசி

மாஸ்ரர் அளவுகளோடு எழுதியதைப் படித்த பிறகு எங்கள் வீட்டில் நடந்ததையும் விரிவாக எழுத வேண்டுமென்று தோன்றியது. இது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம் என்பதால் நீளமாக இருந்தாலும் பொறுமையோடு வாசியுங்கள்.

எங்கள் ஹீற்றர் ஈ1 காட்டும் வகை. கைநூலில் அதற்கு எர்த் கம்பியில் மின்னழுத்தம் அல்லது மின் கசிவு என்று இருந்தது. மழைக்காலத்தில் ஒருநாளும் வராது. ஆடி, ஆவணி மாதங்களில், அதுவும் காலை வேளையில், அடிக்கடி வரும். மாமிக்கு மூட்டுவாதம் இருப்பதால் காலையில் சுடுதண்ணீர் இல்லாமல் அவரால் குளிக்க முடியாது. பார்க்க வந்த ஒரு மின் வேலைக்காரர் சிறிது நேரத்தில் திருத்திவிட்டதாகச் சொல்லிப் போனார். குறியீடும் வரவில்லை. எல்லோரும் நிம்மதியடைந்தோம்.

பின்னர் விடுமுறையில் வந்த என் தம்பி, மின் பொறியியல் படித்தவன், பழக்கத்தின்படி மூடியைத் திறந்து பார்த்தான். எர்த் கம்பி ஹீற்றரின் திருகிலிருந்து கழற்றப்பட்டு, முனையில் கறுத்த ரேப் சுற்றி ஒதுக்கி விடப்பட்டிருந்தது. ஹீற்றர் எர்த் கம்பியில் கண்ட மின்னழுத்தத்தை இனிக் காண முடியாது. அதனால் குறியீடும் வராது. நாளைக்கு எலிமெண்டின் உறை வெடித்துத் தண்ணீரில் மின்சாரம் கசிந்தால், அது பூமிக்குப் போக இருந்த ஒரே நல்ல வழி கம்பி. அந்த வழியை வெட்டிவிட்டால் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று குளிப்பவரின் உடம்பே வழியாகிவிடும். வீட்டு றிப் சுவிற்ச் 30 மில்லி அம்பியரில் விழும் என்பது உண்மைதான். எர்த் கம்பி இணைந்திருந்தால் கசிவு தொடங்கியவுடன், ஒருவரும் தொடாமலே அது விழும். கம்பி இல்லாவிட்டால் ஒருவர் தொட்ட பிறகு, அவருடைய உடம்பினூடாக மின்சாரம் பாய்ந்த பிறகுதான் விழும். வயதானவர் அந்தக் கணத்தில் வழுக்கி விழுந்தால் என்னாவது?

தம்பி கம்பியை மீண்டும் இணைத்ததும் மறுநாள் காலையில் ஈ1 திரும்பி வந்தது. அவன் ஹீற்றரை விட்டுவிட்டு வீட்டில் மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தான். கிணற்று மோட்டரை நிறுத்தினால் குறியீடு போய்விடும். மோட்டர் ஓடினால் வரும். காலையில் தாங்கிக்கு நீர் ஏற்றும் நேரமும் மாமி குளிக்கும் நேரமும் ஒன்றாக இருந்தபடியால்தான் அது காலைக் கோளாறாகத் தெரிந்திருக்கிறது. மோட்டரின் சுருளில் ஈரம் ஏறிச் சிறு கசிவு இருந்தது. அந்தக் கசிவு றிப் சுவிற்சை விழுத்தப் போதாது. ஆனால் எங்கள் பக்கம் மணல் நிலம். கோடையில் எர்த் கோலைச் சுற்றியுள்ள மண் காய்ந்து தடை மிகவும் கூடிவிடுகிறது. தம்பி எனக்கு விளங்கும்படி கணக்காகச் சொன்னான்: கசிவு 10 மில்லி அம்பியர், எர்த் கோலின் தடை 3000 ஓம் என்று வைத்தால், வீட்டிலுள்ள எர்த் கம்பிகள் எல்லாவற்றிலும் 30 வோல்ற் ஏறி நிற்கும். அந்த 30 வோல்ற்றைக் கண்டுதான் ஹீற்றர் தன்னை நிறுத்திக்கொண்டது. ஹீற்றரில் எந்தப் பழுதும் இல்லை. வீட்டிலேயே சரியாக வேலை செய்த சாதனம் அதுதான்.

மோட்டரைக் கழற்றிச் சுருள் கட்டக் கொடுத்தோம். கிணற்றடியில் எப்போதும் ஈரம் நிற்கும் இடத்தில் நீளமான செம்புக் கோல் ஒன்றை ஆழமாக இறக்கி, பழைய கோலோடு இணைத்தோம். அதன் பிறகு கோடையிலும் ஈ1 வரவில்லை. எலிமெண்டையும் தம்பி 500 வோல்ற் மெகர் என்ற, காப்புத்தடை அளக்கும் கருவியை வைத்துச் சோதித்தான். காப்புத்தடை ஒரு மெகாஓமுக்குக் கீழே இறங்கினால் எலிமெண்டை மாற்ற வேண்டும், எங்களுடையது அதைவிட மிக அதிகமாக இருந்தது.

ஈ1 தோன்றி, யாராவது வந்து சாமான் எதுவும் மாற்றாமல் உடனே திருத்திவிட்டால், எர்த் கம்பி அதன் இடத்தில் இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே கேட்டுப் பாருங்கள்.


வேலணை, தபால் திணைக்களத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

தங்கை எழுதியது ஒவ்வொரு வீட்டிலும் வாசிக்கப்பட வேண்டியது.

எங்கள் வீட்டில் இருப்பது உடனடியாகச் சுடும் ஹீற்றர். அதில் வந்த குறியீடு நீரோட்டம் குறைவு என்பது. இவ்வகையில் ஒரு சிறிய காந்தச் சுவிற்ச், போதிய தண்ணீர் ஓடினால்தான் மின்சாரத்தை எலிமெண்டுக்கு விடும். தாங்கி குளியலறைத் தூவாயிலிருந்து 3 மீற்றர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார் மட்டுமே. நகரங்களின் குழாய்நீருக்கென்று செய்த ஹீற்றர்களுக்கு அது எல்லைக்கோட்டில்தான் நிற்கும். நுழைவாயிலில் உள்ள வலைவடியில் மணல் கொஞ்சம் சேர்ந்தாலும் சுவிற்ச் எழும்பாது. வடியைக் கழுவினேன், குறியீடு போனது. அது மீண்டும் மீண்டும் வந்ததால், பம்பு பொருத்திய வகைக்கு மாறிவிட்டோம். தாங்கியை உயர்த்தும் செலவைவிட அது குறைவு.

தீவுப் பகுதியினருக்கு இன்னொரு தொல்லை உண்டு. நம் நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதும் இதனால்தான். கோடையில் அதிகம் இறைத்தால் கிணறு சவராகிவிடும். சவர்த் தண்ணீர் எலிமெண்டின் உறையை விரைவில் அரித்து ஈ1 வகைக் குறியீட்டுக்கு வழி செய்யும். 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தாளையடி நன்னீராக்கும் நிலையத்தின் தண்ணீர் எல்லா வீடுகளுக்கும் வந்து சேர்ந்தால், சுண்ணாம்பும் சவரும் கொண்டுவரும் ஹீற்றர்ச் சிக்கல்களில் பெரும்பங்கு குறையும் என்பது என் நம்பிக்கை.

உடனடி ஹீற்றர் வாங்குபவர்கள் பிளக்கையும் கவனிக்க வேண்டும். 3.5 கிலோவாற்று என்றால் 230 வோல்ற்றில் 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதை 13 அம்பியர் சதுரப் பிளக்கில் செருகினால் பிளக் உருகும். தொடர்பு தளர்ந்து ஹீற்றர் விட்டு விட்டு வேலை செய்யும். மக்கள் அதையும் மின்பலகைப் பழுதென்று நினைப்பார்கள். தனி வயரும் தனி பிரேக்கரும் கொண்டு நேரடியாக இணைப்பதே முறை.


கந்தர்மடம், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

எங்கள் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அங்கே ஹீற்றர் நின்றால் அவர்கள் முதலில் அப்பாவுக்குத்தான் காணொளி அழைப்பு எடுப்பார்கள், ஆகவே அந்நாட்டுக் கைநூல்களையும் நான் படிக்க வேண்டியதாயிற்று. இங்கே பலருடைய நிலையும் இதுவென்பதால் எழுதுகிறேன்.

அங்கே பெரும்பாலும் எரிவாயு ஹீற்றர்கள். எடுத்துக்காட்டாக, றின்னாய் நிறுவனத்தின் தொட்டியற்ற ஹீற்றர்களில் 10 என்பது காற்று வரும் அல்லது புகை போகும் வழி தடைப்படுவதையும், 11 தீப்பற்றாமையையும், 12 பற்றிய சுடர் அணைவதையும், எல்சி என்பது சுண்ணாம்பு படிவதையும் குறிக்கும். கடைசியைப் பார்த்தபோது, நமது கிணற்றடிச் சிக்கல் அங்கேயும் இருக்கிறதென்று அறிந்து வியந்தேன். அங்கே வினாகிரியைச் சிறு பம்பினால் ஹீற்றருக்குள் சுற்றவிட்டுக் கழுவுகிறார்கள். இங்கிலாந்தில் பரவலான வைலன்ற் கொதிகலன்களில் எஃப்22 நீரழுத்தம் குறைந்ததையும், எஃப்28 தீப்பற்றாமையையும் குறிக்கும்.

ஸ்காபரோவில் உள்ள மகளின் வீட்டில், இரவெல்லாம் பனி பொழிந்த ஒரு காலையில், புகைவழி தடை என்ற குறியீடு வந்தது. பேரப்பிள்ளைகள் குளித்துப் பள்ளிக்குப் போக வேண்டும். மகள் ஹீற்றரைத் திரும்பத் திரும்ப முடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நிறுத்தச் சொல்லி, கைபேசியை எடுத்துக்கொண்டு வீட்டின் பக்கச் சுவருக்குப் போகச் சொன்னேன். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய இரண்டு வெள்ளை பிளாஸ்ரிக் குழாய்களில் ஒன்று பனிக்குவியலுக்குள் முற்றாக மறைந்திருந்தது. பனிமண்வெட்டியால் அள்ளுவதற்கு முன், குழாய் உடையாமலிருக்கக் கையுறையோடு கிளறச் சொன்னேன். வழி திறந்ததும் ஹீற்றர் எரிந்தது. தடையுள்ள நிலையில் ஹீற்றர் எரிந்திருந்தால் புகை வீட்டுக்குள் திரும்பும்; அதிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. அந்தக் குறியீட்டை நான் பிள்ளைகளைக் காத்த காவலாகவே நினைக்கிறேன்.

லண்டனில் மகன் வீட்டில் அழுத்தம் குறைந்த குறியீடு. மானியைக் காட்டச் சொன்னேன்; முள் 1 பாருக்குக் கீழே கிடந்தது. நிரப்பும் குழாயைத் திறந்து, ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை ஏற்றி மூடுவது வீட்டுக்காரர் செய்யக்கூடிய வேலை. ஆனால் அது அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது அல்லது விரிவுத் தொட்டி பழுதாகியிருக்கிறது. எரிவாயுப் பகுதியைத் திறப்பது மட்டும் எந்நாளும் கூடாது. இங்கிலாந்தில் காஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவர்தான் சட்டப்படி அதைத் தொடலாம். 2009 ஏப்ரலுக்கு முன் கோர்கி என்ற பதிவு இருந்தது, பழைய பற்றுச்சீட்டுகளில் அந்தப் பெயரைக் காணலாம். கனடாவில் பலர் ஹீற்றரை வாடகைக்கு வைத்திருப்பதால், வாடகைக் கொம்பனியை அழைத்தாலே போதும்.

நம் ஊரிலும் சிலிண்டரில் எரியும் வாயு ஹீற்றர்களைச் சிலர் வாங்குகிறார்கள். அதைக் கதவு யன்னல் மூடிய குளியலறைக்குள் பொருத்துவது மரணத்துக்கு இடம் கொடுப்பது. வெளிச்சுவரில், காற்றோடும் இடத்தில் வைத்து, சுடுநீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள்.


சாவகச்சேரி, பல்கலைக்கழக மாணவி

எல்லோருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் குறியீடு தோன்றினால் அப்பா சுவிற்சை நிறுத்தி மீண்டும் போடுவார். அது மறைந்துவிடும், சில நாட்களில் திரும்பும். இப்படித் தொடர்ந்து செய்வது பாதுகாப்பானதா? போன ஐப்பசி இடியோடு பெய்த மழைக்குப் பிறகு, திரையில் கைநூலில் இல்லாத, பாதி எழுத்துப் போன்ற ஒன்றும் தோன்றுகிறது. அதற்கு என்ன பொருள்?


திருநெல்வேலி, வீட்டு மின்சாதனங்கள் திருத்துபவர்

பிள்ளை, முதலாவது கேள்விக்குக் குறியீட்டைப் பொறுத்தே விடை சொல்ல வேண்டும். நீரோட்டம் குறைவு என்பது போன்றதென்றால் வடியைக் கழுவிவிட்டு மீண்டும் போடலாம். உணரிக் கோளாறு என்றால் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், அப்பாலும் வந்தால் மாஸ்ரர் எழுதியபடி சோதிக்க வேண்டும். மிகைவெப்பம் என்றால் முழுமையாக ஆறவிட்டு ஒருமுறை மட்டும். திரும்ப வந்தால் ஹீற்றரைப் போடவே கூடாது, ஏனென்றால் சேமிப்பு ஹீற்றரில் வெப்பக் கட்டுப்பாடு ஒட்டிக்கொண்டால் தொட்டியின் அழுத்தம் ஏறும். அதைத் தணிப்பதற்காக அடியில் உள்ள பாதுகாப்பு வால்வும் நம் தண்ணீரின் சுண்ணாம்பால் இறுகிக் கிடப்பது வழக்கம். அதன் சிறு கைபிடியை மாதத்துக்கு ஒருமுறையேனும் தூக்கி, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வரும் தண்ணீர் சுடும் என்பதால் கையை விலக்கி வையுங்கள். அந்த வால்விலிருந்து சுடும்போது சொட்டுச் சொட்டாக வருவது பழுதல்ல. சொட்டுகிறதே என்று சிலர் அதன் வாயில் மூடியிட்டு இறுக்கியதைக் கண்டு பதறியிருக்கிறேன்.

மின் கசிவுக் குறியீடு என்றால் சுவிற்சை மீண்டும் போடும் பேச்சே வேண்டாம். நிறுத்தி வைத்து, அல்வாய் அம்மா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்தக் குறியீடாக இருந்தாலும், சுவிற்சை நிறுத்துவதற்கு முன் திரையைப் படமெடுங்கள். நாங்கள் வரும்போது திரை வெறுமையாக இருந்தால் அது எந்த நிலையில் வந்தது என்று ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது. வேறு யார் குளித்தார்கள், மோட்டர் ஓடியதா, மழையா வெயிலா என்பதும் எனக்குத் திரையளவு உதவும்.

இரண்டாவதைப் பொறுத்தவரை, கைநூலில் இல்லாத அரைகுறை எழுத்து பெரும்பாலும் குறியீடே அல்ல. இடியின் மின்பாய்ச்சல் லைன் வழியாக வந்து மின்பலகையையோ திரையின் கோடுகளை ஏற்றும் மின்னணுச் சில்லையோ கெடுத்திருக்கும். எட்டு வடிவில் உள்ள ஏழு கோடுகளில் ஒன்றிரண்டு எரியாவிட்டால் ஈ6, ஈ5 ஆகத் தெரியலாம், அப்போது கைநூல் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும். ஹீற்றரைப் போட்டவுடன் ஒரு கணம் எல்லாக் கோடுகளும் ஒன்றாக எரியும் வகை என்றால், அந்தக் கணத்தைக் காணொளியாக எடுத்து எனக்குக் காட்டுங்கள்; எந்தக் கோடு செத்திருக்கிறதென்று அதிலேயே தெரியும். பலகையில் உள்ள நீலநிற வட்ட வில்லை கருகி வெடித்திருந்தால் இடிதான் காரணம். பல வேளைகளில் அந்த வில்லையையும் பியூசையும் மாற்றினாலே பலகை உயிர் பெறும். முழுப் பலகையும் வாங்க வேண்டுமென்று யாராவது சொன்னால், அந்த இரண்டையும் சோதித்தாரா என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி தொலைவில் கேட்கத் தொடங்கும்போதே இருமுனைச் சுவிற்சை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.